மண்ணீரலில் ஒரு முனை

இன்று மதியம் அறுவை மேசையில் சதையை ஊசி போட்டுத் தைக்கும் ஸ்டேப்லரின் வாயை மூடினேன். ‘டக்’கென்று அது பூட்டிக்கொண்ட சத்தத்தில் நீ வந்து நின்றாய்.

ஓசூரில் நாம் சேர்ந்து கிளினிக் திறந்தபோது, கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலாவதாக வந்தவள் நான்தான். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். அத்திப்பள்ளிக்காரரிடம் கன்னடம், வேப்பனப்பள்ளிக்காரரிடம் தெலுங்கு என்று மொழி மாற்றிப் பேசுவாய். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நான் ஊமைபோல ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டு நிற்பேன். கடிக்க வரும் நாய்கூட உன்னைக் கண்டால் வாலாட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேப்பனப்பள்ளி மாந்தோப்பிலிருந்து ஒரு காவல் நாயைத் தூக்கி வந்தார்களே, அன்றைக்கும் அப்படித்தான். காட்டுப்பன்றி குத்தியதில் மண்ணீரலின் ஒரு முனை கிழிந்திருந்தது. “முழுசா எடுத்துடலாம், அதுதான் சேஃப்” என்றேன். நீ கேட்கவில்லை.

“கிழிஞ்சது ஒரு மூலைதானேடி. மிச்சம் இன்னா பாவம் பண்ணிச்சி?”

அந்த முனைக்குப் போகும் ரத்தக் குழாய்களை மட்டும் கட்டினாய். அங்கே நிறம் கறுத்தது. கறுப்பும் சிவப்பும் பிரியும் கோட்டில் விரலால் மெல்ல நசுக்கி இடம் பண்ணி, ஸ்டேப்லரை வைத்து மூடினாய். ஊசி இறக்கும் பிடியை உடனே அழுத்தவில்லை. “அவசரப்பட்டா பிச்சிக்கும்” என்று காத்திருந்தாய். பிறகு அழுத்தி, கறுத்த துண்டை வெட்டியெடுத்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

தோப்புக்காரர் உன்னைக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, “சிஸ்டர், நாய்க்குக் கொஞ்சம் தண்ணி காட்லாமா?” என்றார். நீ சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. உன் சாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அழுதுகொண்டே யோசித்தேன்.

இன்று வந்தது குருபரப்பள்ளி நாய். வண்டி மோதி, அதற்கும் மண்ணீரல் ஓரம்தான் கிழிந்திருந்தது. முழுதாக எடுக்கவில்லை. குழாய்களைக் கட்டினேன், மூடினேன், காத்திருந்தேன், அழுத்தினேன். துளி ரத்தம் இல்லை. ஊசிகள் நூல் பிடித்ததுபோல நேராக விழுந்திருந்தன. அன்றைக்கு உன்னுடையதைவிட நேராக.

“பாத்தியாடி?” என்று நிமிர்ந்தேன்.

எதிரில் மயக்க மருந்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் திகைத்தாள். “என்னாங்க மேடம்?”

ஒன்றுமில்லை என்று வயிற்றைத் தைக்கத் தொடங்கினேன். ஒரே ஒரு தடவை, நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கலாம். அதற்குள் போய்விட்டாயேடி.