பயம் மாமாவை வழியனுப்பினோம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லாத்தான் இருக்கோம், மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேங்குது, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்னு நம்புறேன்.

உன் தங்கச்சி சங்கதிக்கு வர்றேன். நாலாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து ஸ்கூல்னாலே அவளுக்கு வயித்துவலி, கிளம்பும்போது வாசல்ல நின்னு வாந்தி, டாக்டர் பார்த்துட்டு வயித்துல ஒண்ணுமில்லை எல்லாம் பயம்னுட்டார். அவ ஸ்கூல்ல இருக்கிற நேரத்துல நான் எங்கேயாவது போயிடுவேனாம், அதனால தினமும் என் செருப்புல ஒண்ணை எடுத்துப் புத்தகப்பையில ஒளிச்சு வச்சுக்கிறா. நான் ஒரு கால்ல என் செருப்பும் இன்னொரு கால்ல அப்பா செருப்புமா தையல் கடைக்குப் போறேன், பக்கத்து மெஷின்காரி சிரிச்சுச் சிரிச்சே நூலை அறுத்துக்கிறா. இனியும் லீவு போட்டா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கறாரா சொல்லிட்டாங்க. நீதான் போன்ல, ஸ்கூல்லயே கவுன்சிலிங் இருக்கும்மா, வெளிநாட்டு முறையை நம்ம பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தினது, பெரிய படிப்பாளிங்க செஞ்சதுன்னு பெருமை அடிச்சே. சரின்னு போனேன்.

நல்லா மாத்தினாங்க போ. அந்தக் கவுன்சிலிங் புஸ்தகத்துப் படத்துல இருந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கு முடியைக் கறுப்பாக்கி ரெட்டைப் பின்னல் போட்டிருக்காங்க, கண்ணு மட்டும் அதே நீலம். நம்ம ஜனங்களுக்குக் குடும்பம்னா உசிராம், அதனால தாயும் கூட உட்காரணுமாம், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க நாற்காலியில என்னை மடிச்சு உட்கார வச்சாங்க, எழுந்திரிச்சா நாற்காலியும் கூடவே வருது. இந்தப் பிள்ளைங்களுக்கு உறவுமுறை வச்சுச் சொன்னாத்தான் மண்டையில ஏறும்னு பயத்துக்குப் பயம் மாமான்னு பேரு வேற, மீசை வச்ச ஒரு துணிப்பொம்மை. எந்த வீட்டு மாமன் இவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினானோ.

பொம்மையை வெளியே வச்சு, போன்னு சொல்லிக் கதவைச் சாத்தணும், அவ்வளவுதான் வைத்தியம். உன் தங்கச்சி அதை வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போய், போயிட்டு வாங்க மாமான்னுட்டா. அப்படிச் சொல்லக்கூடாதும்மா, வெறும் போன்னு சொல்லுன்னு அந்தக் கவுன்சிலிங் மேடம் கெஞ்சுறாங்க, பெரியவங்களை அப்படிச் சொன்னா அம்மா முதுகுல ரெண்டு வைப்பாங்கன்னு இவ சொல்றா, அங்கே வந்திருந்த தாய்மாரும் பிள்ளைங்களும் அத்தனை பேரும் திரும்பி என்னையே பார்க்கிறாங்க. நம்ம வீடுகள்ல யாரையும் வெறுமனே போன்னு வழியனுப்ப மாட்டோம்னு தெரியாதவங்க நம்ம பண்பாட்டைக் கரைச்சுக் குடிச்சவங்களாம்.

மேடம் விடலை. வாங்கன்னு கூப்பிட்டா மாமா திரும்பி வந்துடுவாரேன்னாங்க. அதுக்கு உன் தங்கச்சி, வரமாட்டார் மேடம், எங்க அக்காவைக்கூடப் போயிட்டு வான்னுதான் அனுப்பினோம், அவ வரவேயில்லைன்னு சொல்லிட்டு, பையைத் திறந்து என் செருப்பை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் அந்த மேடத்தைத் திட்ட எனக்கு வாய் வரலைடி. ஒரு வருஷம்னு சொல்லிட்டு வெளியூர் வேலைக்குப் போனவ நீ, அன்னைக்கு விழுந்திருந்த முன்பல்லு அவளுக்கு முளைச்சு வளர்ந்தே போச்சு. இனி போன்ல எனக்குப் பாடம் நடத்தாதே, போய் லீவு கேளு. டிக்கெட் எடுத்ததும் என்கிட்ட சொல்ல வேண்டாம், அவகிட்ட சொல்லு.

எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ஒத்தைச் செருப்போட நிக்கிற
உன் அம்மா