என் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தின்றவருக்கு

வீட்டுக்காரரே,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் குளியலறையைக் காட்டுங்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய சாமான் கடையில் நான் அந்த மின்நூல் கருவியை வாங்கி வந்த அன்று, "எவனோ கழிச்சுப் போட்ட சிலேட்டைக் காசு குடுத்து வாங்கியிருக்கியே, புத்தி இருக்கா?" என்று தெருவே கேட்கக் கத்தியது யார்? உள்ளே விளக்கு இல்லை, பட்டன் மக்கர் பண்ணுது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது யார்?

இன்று காலை திறந்தால் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் பருமன்! கண்ணாடி போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். அதுவோ கிழட்டுக் கருவி. கடைசியாகத் திறந்த பக்கம் மட்டும்தான் அதற்கு ஞாபகம் இருக்கும். நான் படிக்கிற துப்பறியும் கதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், சமையல்காரர்தான் கொலைகாரர் என்று சத்தியமே பண்ணியிருந்தேன். இப்போது திறந்ததும் அந்த மனுஷனையே பாடையில் தூக்கிப் போகிறார்கள்! இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

அதே கடையில் அதே மாதிரி இன்னொன்று கீறல் விழுந்து கிடந்தது. அதை வாங்கத்தான் போகிறேன். கீறல் விழுந்தது உங்களுக்கு.

வெளியே போனால் சாவியைச் செருப்பு ஸ்டாண்டு மேல் வையுங்கள்.

பி.கு.: என்னுடையது சார்ஜில் இருக்கிறது. தொட்டால் கை இருக்காது.

இன்னொன்று: சமையல்காரரைக் கொன்றது யார் என்று மூச்சு விடக்கூடாது.

சரி, அந்த டாக்டர்தானே? வந்ததும் காதில் மட்டும் சொல்லுங்கள்.