வாத்தியார் தொடங்கிய தீக்காப்புச் சங்கம்

ஏப்ரல் 4, 1871. செவ்வாய்.

பள்ளிக்கூட வேலையை விட்டாயிற்று. கரும்பலகையைக் கடைசியாக ஒரு தடவை நானே துடைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஜோனஸ் க்விம்பி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னிடம் அதிகம் அடிவாங்கிய மாணவன். இப்போது அவனுக்கு நிலமும் மீசையும் இருக்கின்றன. குதிரைகளை நிறுத்திவிட்டு, "பிரம்ப வச்சுட்டு பேப்பர எடுத்துட்டீங்களா சார்? இதுவும் வலிக்குமா?" என்றான்.

நான் தொடங்கும் தீக்காப்புச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். எவன் கொட்டகை எரிந்தாலும் மற்ற எல்லாரும் அவரவர் சொத்துக்குத் தகுந்தபடி பங்கு போட்டு அவனைத் தூக்கிவிடுவது, அவ்வளவுதான். முன்பணம் பேருக்குத்தான். மற்றதெல்லாம் வாக்கு. நான் சேர்க்கும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எனக்குச் சிறு கூலி. ஜோனஸ் யோசித்தான். பிறகு ஏர்க்கால் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். எழுத்து இன்னும் கோணல்தான்.

ஏப்ரல் 19

நாலு வீட்டில் ஒரே பேச்சு. தீ என்பது கடவுள் கொடுக்கும் தண்டனை, அதற்கு ஈடு கட்டுவது பாவம் என்கிறார்கள். ஹிராம் ஸ்டோடார்ட் தலைவராக இருக்கச் சம்மதித்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அவர் தேவாலயச் சபையின் மூத்தவர். வட்டாரத்திலேயே பெரிய நிலம் அவருடையது. பள்ளிக் குழுவும் அவர் கையில்தான். அவர் சேர்ந்தால் பாவம் பாவமில்லை போலும்.

மே 30

கஸ்பார் ரெய்பைன் சேர்ந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெர்மன்காரர்களில் முதல் ஆள். கையெழுத்துப் போடுமுன் எல்லா விதிகளையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் மனைவி லிஸ்பெட் புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் வைத்து, சாப்பிடாமல் விடவில்லை.

ஸ்டோடார்ட்டிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. "அவங்களையும் சேக்கணுமா வாத்தியாரே? ஞாயித்துக்கிழம பீர் குடிக்கிறவங்க" என்றார். விதியில் பீரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 27

மழை இல்லை. கிணற்றுக் கயிற்றுக்கு இன்னொரு முழம் ஒட்டுப்போட்டேன்.

ஜூலை 19

ரெய்பைன் கொட்டகை போய்விட்டது.

மதியச் சாப்பாட்டில் இருந்தோம். என் மனைவி ஆர்ஃபாதான் முதலில் ஓடைப்பக்கம் புகையைப் பார்த்தாள். நான் போய்ச் சேருவதற்குள் கூரை முழுக்கத் தீ. ஜோனஸ் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தான், புருவம் கருகி. வாளி கைமாறிக் கைமாறி வந்தது. என்ன பயன்? ஓடையில் தண்ணீரை விடச் சேறுதான் அதிகம். இரண்டு குதிரைகள் உள்ளே. அந்தச் சத்தம்... எழுத வேண்டாம்.

ஓடைக்கு இந்தப் பக்கத்தவர்களில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்டோடார்ட் வரவில்லை. அவர் வயலிலிருந்து அந்தப் புகை நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஜூலை 21

சேதம் பார்க்கப் போனேன். சாம்பல் இன்னும் சுட்டது. ரெய்பைன் என்னைக் கொட்டகையின் வடக்கு மூலைக்குக் கூட்டிப்போய் ஓர் இரும்பு அடுப்பைக் காட்டினார். அதன் குழாய் வளைந்து கிடந்தது.

"குளிர்ல கன்னுக்குட்டிக்குக் கூழ் காய்ச்ச வச்சேன் வாத்தியாரய்யா. நீங்க கேக்கல, எனக்கும் ஞாபகம் வரல. இப்ப சொல்றேன். மார்ச்சுக்கு அப்புறம் பத்த வைக்கவே இல்ல."

கொட்டகைக்குள் அடுப்பு இருந்தால் காப்பை ரத்து செய்யலாம். ஏழாவது விதி. வேறொரு கம்பெனியின் அச்சுத்தாளைப் பார்த்து நானே என் கையால் எழுதியது. அன்று அவர் முன்னாலேயே படித்தும் காட்டினேன். இவருக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு புரிந்ததோ?

தீ அடுப்பிலிருந்து வரவில்லை. ஈரம் காயாத புல்லைப் பரணில் அடைத்திருக்கிறார். அது உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் பற்றியிருக்கிறது. நாலு நாளாகப் புளித்த வாசனை வந்ததாக லிஸ்பெட் சொன்னாள். ஆனால் விதி தீ எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அடுப்பு இருந்ததா என்றுதான் கேட்கிறது.

அடுப்பைப் பற்றி எங்கள் மூவருக்குத்தான் தெரியும்.

ஜூலை 22

ஆர்ஃபாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 29

ஸ்டோடார்ட் கூப்பிட்டு அனுப்பினார். வரவேற்பறையில், நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார். அதிலேயே தெரிந்துவிட்டது.

ரெய்பைன் தானே கொளுத்தினான் என்று ஊர் பேசுகிறதாம். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எரிந்துவிட்டது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். செத்த குதிரைகளையும் அவரே கொளுத்தினாரா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். இந்த வறட்சியில் பங்கு கேட்டுப் போனால் பாதிப்பேர் தரமாட்டார்கள், சங்கம் முதல் தீயிலேயே சிரிப்பாய்ச் சிரிக்கும் என்றார். அது உண்மை. அதுதான் என்னை உறுத்துகிறது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதெல்லாம் உமக்கெதுக்கு? ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளிவிடும். பள்ளிக்கூடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. சம்பளத்தக் கூட்டித் தரச் சொல்றேன்" என்றார்.

காரணம்! என் சட்டைப்பையில் இருக்கிறது, ஐயா. நீங்கள் கேட்பதை விட நல்ல காரணம். சொல்லாமல் எழுந்து வந்தேன். ஏன் சொல்லவில்லை? நேர்மையா, பயமா?

ஆகஸ்ட் 5

மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டிச் சக்கரம் கழன்று ஓடியது. வண்டி சாய்ந்து, தோள் தரையில் மோதியது. வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அச்சாணித் திருகு தானாகக் கழலாது. நேற்றுத்தான் எண்ணெய் போட்டு முடுக்கினேன். எவன் செய்தான்? என்னிடம் படித்தவனாகவே இருப்பான். இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் என்னிடம்தான் படித்தார்கள்.

ஆகஸ்ட் 6

ஆர்ஃபா தோளுக்குக் கற்பூரத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் கை நின்றுவிட்டது.

"நீங்க வாயத் தொறக்கலேன்னா யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும் என்றேன்.

"தொறந்தா அந்தம்மா கதி என்ன? குளிருக்கு மாட்ட எங்க கட்டுவாங்க? இவ்வளவு நேர்மையான புருஷன் எனக்கு வேணும்னு நான் கேக்கவே இல்ல."

கோபமாகத்தான் சொன்னாள். பிறகு மறுபடி தேய்த்து முடித்தாள். தைலக் குப்பியை மூடிக்கொண்டே, "பாதிய மட்டும் சொல்லாதீங்க. சொன்னா முழுசையும் சொல்லுங்க. அடுப்பையும் சொல்லுங்க, புல்லையும் சொல்லுங்க" என்றாள். நாளைக்கு லிஸ்பெட்டைப் பார்க்கப் போகிறாளாம்.

ஆகஸ்ட் 12. சனி.

கூட்டம் பள்ளிக்கூடத்திலேயே. பெரிய மனிதர்கள் எல்லாரும் முழங்கால் மடங்கச் சின்னப் பெஞ்சுகளில். நான் பழைய மேசைக்குப் பின்னால். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ரெய்பைன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று. "சொல்லுங்க, நானே அதுக்குத்தான சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

ஸ்டோடார்ட், கொளுத்திய கதையை ஆரம்பித்தார். நான் எழுந்து, அதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் இதற்கு இருக்கிறது என்று சொல்லி ஏழாவது விதியைப் படித்தேன். அடுப்பு இருந்ததைச் சொன்னேன்.

"அப்ப முடிஞ்சுது. எழுந்திரிங்க" என்றார் ஸ்டோடார்ட்.

முடியவில்லை என்றேன். விதியின் கடைசி வாக்கியத்தைப் படித்தேன்: காப்பை ரத்து செய்யும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. உரிமைதான், கட்டாயம் இல்லை. புல்லைப் பற்றிச் சொன்னேன். தீ எங்கே பற்றியது என்று பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

ஜோனஸ் எழுந்தான்.

"நான் போனப்ப பரண் மேலதான் எரிஞ்சுது. வடக்கு மூல அப்படியே நின்னுச்சு. அந்த வழியாத்தான் நான் உள்ள நுழைஞ்சு பசுவ அவுத்து விட்டேன். நம்ம வீட்டு அடுப்பெல்லாம் யாராவது வந்து பாத்தாங்களா? எங்கிட்டயும் யாரும் கேக்கல. என் கொட்டகையிலயும் ஒண்ணு இருக்கு."

ஒரு முனகல். இன்னொருவரும் ஆமாம், என்னிடமும் இருக்கிறது என்றார். கேட்க வேண்டியவன் நான். கேட்காதவனும் நான். அதையும் சொன்னேன்.

கொடுக்கச் சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றோம். மெதுவாக எழுந்தார்கள், ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. மயிரிழையில் பாதியைத் தாண்டியது.

ஸ்டோடார்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கூட ஏழெட்டுப் பேர். வாசலில் திரும்பி, "பள்ளிக்கூடம் இனிமே உமக்கு இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 31

பங்கு வசூல். நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது. தந்தார்கள். சிலர் கோதுமையாக, ஒருவர் பலகையாக. ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக நீட்டினார்கள். தோள் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 16

சிகாகோவிலிருந்து ஒரு தீக்காப்புக் கம்பெனியின் ஆள் வந்திருக்கிறான். மெழுகு போட்ட மீசை, பட்டு உள்சட்டை. ஸ்டோடார்ட்டும் அவரோடு போனவர்களும் அவனிடம் சேர்ந்துவிட்டார்கள். அச்சிட்ட பத்திரத்தில் கழுகுப் படம் போட்டிருக்கிறதாம். கடையில் என்னைப் பார்த்தபோது ஸ்டோடார்ட் வேறு பக்கம் திரும்பி ஆணி விலை கேட்டார்.

இந்த மாதம் ஒரே ஒரு புதுக் கையெழுத்து. ஆர்ஃபா வெண்ணெய் விற்றுத்தான் வீடு ஓடுகிறது. நான் செய்தது சரிதானா? தெரியவில்லை.

அக்டோபர் 10

சிகாகோ எரிந்துவிட்டது.

ரயில் நிலையத்தில் தந்திக்காரர் ஒவ்வொரு வரியாகப் படிக்க, கூட்டம் நின்று கேட்டது. தெருத் தெருவாக, ஓட்டல், நீதிமன்றம், பாலங்கள்... ஆர்ஃபாவின் தங்கை அங்கே இருக்கிறாள். செய்தி இல்லை.

அக்டோபர் 12

தங்கை உயிரோடு இருக்கிறாள். ஏரிக்கரையில் குழந்தைகளோடு தண்ணீரில் நின்றாளாம். ஆர்ஃபா காலையிலிருந்து அழுகிறாள், சிரிக்கிறாள்.

சாப்பிட உட்காரும் நேரம், ஸ்டோடார்ட் நடந்தே வந்தார். வண்டியில் வந்தால் ஊர் பார்க்கும். சிகாகோ தீயில் அந்தக் கம்பெனி திவால். பத்திரம் வெறும் காகிதம். நாலு பக்கமும் புல் காய்ந்து கிடக்கிறது, மேற்கே நேற்றும் புகை தெரிந்தது.

"என்னை மறுபடி எடுத்துக்குவீங்களா?"

அவர் இதுவரை என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை.

சனிக்கிழமை சங்கக் கமிட்டி கூடும், அன்று பார்க்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விதி அதற்கு இடம் தருகிறது. உடனே எழுதித் தரவும் இடம் தருகிறது. அவர் நிற்பதைப் பார்த்தேன். இரண்டு நாள் தூங்காமல் கிடக்கட்டுமே என்று... ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். கண்ணீரோடு அடுப்படியில் நின்ற ஆர்ஃபா என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கூடவே போனேன். கொட்டகை, வீடு, சோளக் கிடங்கு, எல்லாம் பார்த்தேன். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன், ஒவ்வொரு மூலையிலும். பொறுமையாகப் பதில் சொன்னார். அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 14

மேற்குக் காற்று. காலையிலேயே தீ புல்வெளியில் இறங்கிவிட்டது. ஏர் பூட்டித் தரையைக் கிளறினோம், ஈரச் சாக்கால் அடித்தோம். ஓடைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும். ரெய்பைன் ஏர் எனக்கு அடுத்த சாலில்.

ஸ்டோடார்ட் வீடு தப்பியது. கொட்டகையும் கிடங்கும் போயின. கிளறிய மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜோனஸ் இருமிக்கொண்டே, "சார், நீங்க ஒரு நாலு நாள் இழுத்தடிச்சிருக்கலாம்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டா இல்லையா என்று புரியவில்லை.

அக்டோபர் 28

மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி சின்னப் பெஞ்சு. இந்த முறை கொட்டகை ஸ்டோடார்ட்டுடையது. வறட்சியும் தீயும் எல்லார் கையையும் காலியாக்கியிருக்கின்றன. காப்பு எழுதி இரண்டே நாளில் எரிந்த கொட்டகை. முனகல் பின்வரிசையிலிருந்து ஆரம்பித்தது. சங்கம் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

ரெய்பைன் முன்னால் நடந்துவந்து தன் பங்கை மேசையில் வைத்தார். அவர் கேட்கச் சொல்லித்தான் மற்றவர்கள் அமைதியானார்கள்.

"இதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. எரிஞ்சத நானே பாத்தேன்." பிறகு ஸ்டோடார்ட் பக்கம் திரும்பினார். ஸ்டோடார்ட் எழுந்து கையை நீட்டியிருந்தார்.

"பங்கு தர்றேன். கை தரமாட்டேன்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஸ்டோடார்ட் தலையை அசைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் வரிசையாக மேசைக்கு வந்தார்கள்.

நவம்பர் 21

பனி விழுகிறது, கடைசியில்.

பக்கத்து வட்டாரத்திலிருந்து மூன்று விவசாயிகள், முன்பின் தெரியாதவர்கள், பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அங்கேயும் இதுபோல ஒரு சங்கம் வேண்டுமாம், ஆரம்பித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். யார் அனுப்பியது என்றேன்.

"ஸ்டோடார்ட்தான். அந்த வாத்தியார் குடைஞ்சு குடைஞ்சு கேள்வி கேப்பாரு, எரிச்சல் படாம பதில் சொல்லுங்கன்னாரு."

ஆர்ஃபா எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். புதன்கிழமை போகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போல அங்கேயும் ஜெர்மன்காரர்கள் நிறைய. விதிகளை அவர்கள் மொழியில் படித்துச் சொல்ல ரெய்பைனைக் கேட்டேன். மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்றார்.