கல்லை எடுத்த இடத்தில் எலுமிச்சம்பழம்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

முருகா, இன்று ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

எங்கள் பழைய லாரிக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் காதர் பாய் வந்தார். கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்து வேலை செய்தார். செவ்வாய்க்கிழமை ஆயிற்றே என்று டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன். பின் டயருக்கு முன்னால் ஒரு கல் இருந்தது. அழுக்குக் கல் என்று அதை நகர்த்திவிட்டு, அங்கே பழத்தை வைத்தேன்.

லாரி மெல்ல நகர்ந்து பழத்தை நசுக்கியது. என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து கல்லைத் திரும்பச் செருகினார்.

பாய் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கியரும் இல்ல, ஹேண்ட் பிரேக்கும் புடிக்கல. அந்தக் கல்லுதான் வண்டிய நிறுத்திகினு இருந்துச்சு. யாரு எடுத்தது?"

"நாய் தள்ளியிருக்கும் பாய்" என்றேன், பயத்தில்.

அவர் டயரைப் பார்த்தார். "நாயா எலுமிச்சம்பழம் வெச்சுது அக்கா?"

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய்க்கு மூன்று பெண்பிள்ளைகள்.

நாளைக்குக் கியர் பாக்ஸை ஏற்ற மறுபடியும் அடியில் படுப்பார். காலையில் உன் மலைக் கோயிலுக்குப் போவதாக இருந்தேன். போகமாட்டேன், முருகா, கோபித்துக்கொள்ளாதே. அவர் வெளியே வரும்வரை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.