வரியை லாபத்திலேயே கழிக்கச் சொன்னேன்

ஃபிலிப்போ,

மகளிர் குழுவில் பாய் முடையப் போகிறேன். தேங்காய்ப்பால் விட்ட சேப்பங்கிழங்கு அடுப்பு மேல் இருக்கிறது. மதியம் உங்கள் அக்கா சியேனி வருவார். கண் ஆபரேஷனுக்கு ஆக்லாந்து போகச் சேர்த்த மூவாயிரம் தாலாவைக் கொண்டுவருகிறாராம். செல்போன் முதலீட்டு ஆப்பில் போட்டு ஒரே மாதத்தில் மும்மடங்காக்கித் தருகிறேன் என்றீர்களாமே. சாப்பாடு போடுங்கள். பணத்தை வாங்காதீர்கள்.

நேற்றுக் கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணும் புரியாது, நான் இப்ப பிளாட்டினம் தலைவர்" என்றீர்கள். வாஸ்தவம், புரியவில்லை. குலத்தலைவருக்கான மத்தாய் பட்டம் வாங்க என் அப்பா பதினாறு வருஷம் குடும்பத்துக்கு ஊழியம் செய்தார். உங்களுக்குச் செல்போன் மூன்றே நாளில் பட்டம் கட்டிவிட்டது.

அந்த ஆப்பில் உங்கள் கணக்கில் நாற்பதாயிரம் காட்டுகிறது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டாயிரம் வரி கட்ட வேண்டுமாம். நீங்கள் குளிக்கும்போது உங்கள் செல்போனிலிருந்து நானே அந்த ஆப்காரர்களுக்கு எழுதினேன்: "அந்த நாற்பதாயிரத்துலயே கழிச்சுக்கிட்டு மீதியக் குடுங்க." முடியவே முடியாதாம், தனியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். சந்தையில் மீன் விற்கிறவள்கூடக் கழித்துக்கொண்டுதானே மீதி தருகிறாள்? கையில் இருக்கிற பணத்தில் கழிக்க என்ன கஷ்டம்? ஒன்று எனக்கு மூளை இல்லை, அல்லது அங்கே பணம் இல்லை. எது என்று தெரியாமல் தலை சுற்றுகிறது.

லூப்பே

நேற்று உங்களை முட்டாள் என்றதற்கு மன்னியுங்கள். பாதியைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அக்காவுக்குத் திரையில் உள்ள எழுத்து எதுவும் தெரியாது. தம்பி வாயால் சொல்வதைத்தான் நம்புவார்.