ஏலம் ஏன் இழுத்தது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன், கடையிலிருந்து. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் உன் அம்மா யாருக்கு என்று கேட்பாள். போனிலும் பேச முடியாது, இங்கேயும் பக்கத்திலேயே இருப்பாள்; எழுதினால் கடைக் கணக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

நீ உருவாக்கிய ரயில் கம்பெனிப் பலகை ஆட்டத்தை ஆடிப் பார்த்து ஆளுக்கு ஆள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதச் சொன்னாய். பங்கு ஏலம் ரொம்ப இழுக்கிறது என்று போன கடிதத்தில் எழுதினேன். அதை நம்பி, உச்ச விலை ஒன்று வைத்து விதியையே மாற்றப் போவதாகச் சொல்கிறாய். மாற்றாதே. ஏலம் இழுத்ததற்கு உன் ஆட்டம் காரணம் இல்லை.

முதலில் மற்றவர்கள் சொன்னது. உன் அக்கா வீட்டுக்காரருக்கு ஆட்டம் பிடிக்கவில்லை. காசு கொட்டி ஒரு பங்கு வாங்கினால், அதே கம்பெனியில் இன்னொரு பங்கு வைத்திருப்பவர் கம்பெனிப் பணத்தை எடுத்து மலைக்குள் தண்டவாளம் போட்டுக் கெடுக்கிறாராம். கூட்டு வியாபாரம் அப்படித்தான் இருக்கும், மாப்பிள்ளை இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும். நம் சரக்கு ஏற்றும் லாரிக்காரர் அவரை விடவேயில்லை. மாமனார் காசுன்னு நெனச்சுத் தைரியமா கேளுங்க மாப்ளே என்று ஒவ்வொரு பங்குக்கும் சீண்டிக்கொண்டிருந்தார். நான் சொல்வது ஒன்றுதான். சிவப்புக் கம்பெனியை முதலில் வாங்குகிறவன் ஏமாளி, அதன் ஆரம்ப விலையைக் குறை. ஏலப் பணம் கம்பெனிக் கல்லாவுக்கே போவது நல்ல யோசனை.

இனி அம்மா விஷயம்.

பழைய இரும்பு ஏலத்துக்கு நான் போனபோதெல்லாம் கூட வந்தவள் அவள். அவள் தொண்டையைக் கனைத்தால், விலை போதும் என்று நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் உன் ஆட்டத்தில் பச்சைக் கம்பெனிப் பங்குக்கு நாற்பது கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் விலகிவிட்டோம். பங்கு அவளுக்குத்தான். அவள் ஐம்பது என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அறுபது என்றாள். தன் விலைமேல் தானே ஏற்றிக்கொண்டு போவது அவளுக்குத் தெரியவில்லை.

லாரிக்காரர்தான், நான் எங்க விட்டேன், எழுபது என்றார். அவள் எண்பது என்றாள். கையில் காசு தீரும்வரை அவள் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் கொள்ளை விலைக்கு அவரே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்தப் பங்கு வந்தாலும் இதே கதை. லோடுக்கு வாடகை பேசும்போது அஞ்சு பைசா இறங்காத மனுஷன், கடைசி ஆளாகத் தோற்றுவிட்டு, ஏலம் கொஞ்சம் இழுக்குது, வேற குறை இல்ல என்றார். அதைத்தான் உனக்கு எழுதினேன்.

அவளுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. மறதி நோய்தானாம். மாத்திரை அதை மெதுவாக்கும், நிறுத்தாது என்கிறார் டாக்டர். கடையில் எடை போட்ட இரும்பையே திரும்பத் தராசில் வைக்கிறாள். உன் அறைக் கதவைத் திறந்து நின்றுகொண்டு, எதுக்கு வந்தேன் என்று என்னைக் கேட்கிறாள்.

போன ஞாயிறு மறுபடி ஆடினோம். பாதி ஏலத்தில் அம்மா லாரிக்காரரின் காசின்மேல் கையை வைத்து, எனக்காகக் கேக்காதீங்கண்ணே என்றாள். அவர் எழுந்து போய்விட்டார். எல்லாரும் சேர்ந்து எத்தனை நாளாக இப்படி நடிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். உனக்கு மட்டும் எழுதக்கூடாது என்றாள். அவன் ஆட்டம் அச்சுக்குப் போகட்டும், அதுக்கப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். உன் அச்சு வேலை முடியும்வரை அவள் இப்படியே இருப்பாள் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

அதனால் உடனே புறப்படு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. எல்லாரும் எப்படி ஆடுகிறார்கள் என்று நேரில் பார்க்க வந்தேன் என்று சொல். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல். லாரிக்காரர் இனி ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார், அவர் நாற்காலியில் நீ உட்கார். அவள் எவ்வளவு கேட்டாலும் சிரிக்காதே, ஒன்று ஏற்றிக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இன்று காலை உன்னைப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

உன் அப்பா