ஓடி வருபவர்களுக்கு ஒரு கைக்குட்டை

உன் கைக்குட்டை என் எதிரில் மேசைமேல் கிடக்கிறது. பூ ஓரம் போட்ட அந்த மஞ்சள் கைக்குட்டைதான். அதில் ஒரு குழந்தையின் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கிறது. துவைக்க மனம் வரவில்லை. காலையில் ரயிலில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஆறு வருடச் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய்!

அந்தச் சண்டையை மூட்டிவிட்டது ஒரு துண்டுப்பிரசுரம். திருப்பாதிரிப்புலியூரில் நாம் ஏறும் பாசஞ்சரில் யாரோ நம் கையில் திணித்துவிட்டுப் போனார். ‘ஆத்துமாவும் ஆவியும் ஒன்றா?’ என்று மேலே கொட்டை எழுத்தில் கேள்வி. பதில் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதற்குள் சீட்டில் கொட்டிக் கிடந்த டீயைத் துடைக்க அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாய். நான் கத்தினேன். “வுடுடி, பதில நாமளே கண்டுபுடிப்போம். சிதம்பரம் வர இன்னும் எவ்ளோ நேரம் கெடக்கு” என்றாய். சிதம்பரம் எத்தனையோ தடவை வந்தது. பதில்தான் வரவில்லை.

நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள். எதற்கும் சாட்சி கேட்கிற புத்தி. இரண்டும் ஒன்றுதான், மூச்சு நின்றால் எல்லாம் முடிந்தது என்பது என் கட்சி. நீ மேலவீதியில் வளையல் விற்பவள், கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். உனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

“ஆத்துமா அடுப்பு மாரிடி. அது அவுங்கவுங்க வூட்டுது. ஆவி அதுல எரியிற நெருப்பு. எங்க தெருவுல ஒரு வூட்ல அடுப்பு பத்தவச்சா நாலு வூட்டுக்காரி வந்து நெருப்பு வாங்கிட்டுப் போவா. அப்புறம் மொத அடுப்பு அணஞ்சாலும் நாலு வூட்ல சோறு வேவும்ல?”

“இப்ப எல்லார் வூட்லயும் கேஸு. போடி!” என்றேன். பெட்டியே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

உன் கைக்குட்டைப் பழக்கத்தால் நான் எவ்வளவு கூசிப்போயிருக்கிறேன் தெரியுமா? தெரிந்தவர்களுக்கு இடம் பிடிக்கத்தான் எல்லோரும் சீட்டில் கைக்குட்டை போடுவார்கள். நீயோ முன்பின் தெரியாதவர்களுக்குப் போடுவாய். யாருக்கு என்று எவளாவது முறைத்தால், “ஓடி வர்றவங்களுக்கு!” என்று பெட்டி அதிரக் கத்துவாய். வண்டி துறைமுகம் ஸ்டேஷனைத் தாண்டும்வரை இடத்தை விடமாட்டாய். சண்டை வலுக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இத்தனைக்கும், முதல் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறியவள் நான். “ஒக்காரு, ஒனக்குத்தான் புடிச்சு வச்சேன்” என்றாய். அப்போது என் பெயர்கூட உனக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. உன் காரியம் முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, பழக்கதோஷத்தில் பக்கத்து இடத்தில் உனக்காகக் கைக்குட்டை போட்டுவிட்டேன். “யாருங்க வர்றாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கிள்ளை ஸ்டேஷன் வரை அழுதேன். என் கட்சி ஜெயித்துவிட்டது. நீ மொத்தமாகப் போய்விட்டாய். அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் இடம் பிடிக்கவில்லை.

இன்று காலை நல்ல கூட்டம். என் பக்கத்து இடம் காலியானது. பைக்குள் கை போனது, நீ என்றைக்கோ மறந்து என் பையில் விட்ட இந்த மஞ்சள் கைக்குட்டை வந்தது, போட்டுவிட்டேன்! குமராட்சிக்குப் போகும் ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். “ஆளே இல்லாத சீட்டுக்கு கர்சீப்பா? யாருக்கும்மா இது?”

“ஓடி வர்றவங்களுக்கு!”

கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான்! வக்கீல் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற நான்! அந்த அம்மாள் விடவில்லை. நானும் விடவில்லை. துறைமுகம் வந்தது. ஒருவரும் ஓடி வரவில்லை. கார்டு விசில் ஊதினார். “பாத்தியா?” என்றார் அம்மாள்.

அப்போதுதான் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு பிளாட்பாரத்தில் ஓடிவந்தாள். எனக்கு முன்னால் அந்த அம்மாளே கதவருகில் போய், “ஓடியா, ஓடியா!” என்று கத்திப் பிள்ளையைக் கைநீட்டி வாங்கினார். என்னிடம் மல்லுக்கு நின்ற அதே அம்மாள்!

அவள் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “யாருக்குக்கா புடிச்சு வச்சிருந்தீங்க?”

“ஒனக்குத்தான்” என்றேன். பிள்ளை உன் கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டது.

உன் ஆத்துமா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது உன்னுடையது, நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் அடுப்பு அணைந்தது அணைந்ததுதான். அதை நினைத்து இப்போதும் அழுகிறேன். ஆனால் நெருப்பு வாங்கி வந்தவர்களில் நானும் ஒருத்தி என்று இன்றுதான் தெரிந்தது. எப்போது கொடுத்தாய் என்றுதான் தெரியவில்லை. தோற்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?

சரி, எழுந்து கைக்குட்டையைத் துவைத்துப் போடுகிறேன். நாளைக் காலை வண்டிக்கு முன் காய்ந்தாக வேண்டும்.